தம் நிலத்துக்குத் தாமே பெயரிட்ட மக்கள்

புவியியற் பாடநூல்களில் வடதுருவப் பிரதேசத்தைப் பற்றிப் பயின்ற நேயர்கள் ‘எஸ்கிமோவர்’ என்னும் பெயரை மறந்திருக்கமாட்டார்கள். பனிக்கட்டியாற் குடில் அமைத்து, தோலாடை தரித்து, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிற் செல்லும் ஒரு மக்கட் கூட்டத்தின் படம் அப்பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். ஆனால் அப்பெயர் பிறர் இட்ட பெயர். தம்முடைய மொழியில் அம்மக்கள் தம்மை ‘இனுவிட்’ என்றே அழைத்துக்கொள்வர். ‘மக்கள்’ என்பதே அச்சொல்லின் பொருள். ஒருவரை மட்டும் குறிக்க வேண்டின் ‘இனுக்’ என்பர்.

கனடா நாட்டின் வடகிழக்கே இம்மக்கள் பெரும்பான்மையினராக வாழும் ஆட்புலம் ஒன்று உண்டு. அதன் பெயர் நுனாவுட். ‘நுனா’ என்றால் நிலம்; ‘நுனாவுட்’ என்றால் எங்கள் நிலம். ஆண்டுதோறும் யூலை மாதம் 9ஆந் திகதி அங்கே ‘நுனாவுட் தினம்’ கொண்டாடப்படுகிறது. முதலில் இனுவிட் சங்கங்கள் தம் ஊழியருக்கு அளித்த விடுமுறையாகத் தொடங்கிய இந்நாள், பின்னர் ஆட்புல அரசின் ஊழியர்க்கும் உரியதாயிற்று. 2020ஆம் ஆண்டிலே சட்டபூர்வமான பொது விடுமுறை நாளாகவும் ஆயிற்று.

இங்கே ஒரு வினா எழுகின்றது. நுனாவுட் என்னும் ஆட்புலமும் அதன் அரசாங்கமும் தோன்றியது 1999ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் முதலாந் திகதி. அவ்வாறாயின், அந்நாளை விடுத்து யூலை 9ஐ அம்மக்கள் தம் திருநாளாக ஏன் கொண்டனர்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு அவர்களுடைய அண்மைக்கால வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

முதலில் நாட்டை நோக்குவோம். நுனாவுட்டின் பரப்பு இருபது இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். கனடாவின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு. ஆனால் 2021ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி அங்கு வாழ்வோர் 37,000 பேருக்குச் சற்றுக் குறைவு. அவர்களுள் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் வரையில் இனுவிட் மக்கள். இருபத்தைந்து ஊர்கள் கடற்கரைகளிலும் தீவுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஓர் ஊரையும் மற்றோர் ஊரையும் இணைக்கும் பெருந்தெரு கிடையாது. விமானமே போக்குவரவுக்கு வழி. கடலிற் பனி உடையும் சில மாதங்களில் மட்டும் சரக்குக் கப்பல் வரும். மரங்கள் ஓங்கி வளராத இந்நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் வாழ்ந்து வந்திருக்கின்றனர். கடல்நாயும், திமிங்கிலமும், கரிபு என்னும் பனிமானும், ஆற்று மீனும் அவர்களுக்கு உணவாகவும் உடையாகவும் விளக்கெண்ணெயாகவும் பயன்பட்டன.

யூலை மாதத்திலே தலைநகரான இக்கலுவிட்டில் ஏறக்குறைய இருபது மணித்தியாலம் பகல். அதற்கு வெகு வடக்கேயுள்ள சில ஊர்களிலோ அம்மாதம் முழுவதும் சூரியன் மறைவதேயில்லை. இத்தகைய நெடும்பகலில் ஊர் முழுவதும் ஒன்றுகூடி விருந்துண்பது நுனாவுட் தினத்தின் முதன்மையான நிகழ்ச்சி. வேட்டையில் கிடைத்த உணவு யாவருக்கும் பொதுவாகப் பகிரப்படும். அகன்ற வட்டமான மேளத்தை ஒரு கையால் இப்புறமும் அப்புறமும் திருப்பி, மறு கையாற் கோல்கொண்டு அதன் விளிம்பிலே தட்டி ஆடுவோர் ஆடுவர். பெண்கள் இருவர் எதிரெதிரே நெருங்கி நின்று, மூச்சை இழுத்தும் விட்டும் தொண்டையினின்று எழுப்பும் ஒலிகளால் ஒருவரோடொருவர் போட்டியிடுவர். முதலிற் சிரித்துவிடுபவர் தோற்றவராவார். வெண்மையும் பொன்மஞ்சளும் பாதி பாதியாக அமைந்த கொடி பறக்கும். அதன் நடுவிலே சிவப்பு நிறத்தில் ‘இனுக்சுக்’ என்னும் கல்லடுக்கு. மேல் மூலையில் நீல நிறத்தில் துருவ நட்சத்திரம். வழிகாட்டும் அடையாளமாகக் கற்களை அடுக்கி நிறுத்தியதே இனுக்சுக். வழி காட்டும் கல்லையும் வழி காட்டும் விண்மீனையும் ஒருங்கே தம் கொடியில் வைத்தனர் இம்மக்கள்.

அவர்கள் வழி தேட நேர்ந்தது எதனால்?

1576ஆம் ஆண்டில் மாட்டின் புரொபிஷர் என்னும் ஆங்கில மாலுமி, ஆசியாவுக்குச் செல்லும் வடமேற்குக் கடல்வழியைத் தேடி இப்பகுதிக்கு வந்தார். திரும்பும்போது ஓர் இனுக் மனிதரைச் சிறைப்பிடித்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அம்மனிதர் அங்கே விரைவில் இறந்தார். பின்னர் 1578இல் பொன் என்று நம்பி ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட கல்லைக் கப்பல்களில் ஏற்றிச் சென்றனர். அதிலே பொன் இல்லை. எனினும் அம்மாலுமியின் பெயர் அக்குடாவுக்கு நிலைத்தது. பிற்காலத்தில் அக்குடாவின் கரையில் எழுந்த ஊருக்கும் அப்பெயரே வழங்கிற்று. 1987ஆம் ஆண்டிலேதான் அவ்வூர் ‘இக்கலுவிட்’ என்னும் பெயரை முறைப்படி பெற்றது. ‘மீன்கள் மிகுந்த இடம்’ என்பது அதன் பொருள்.

ஊர்களுக்கு மட்டுமன்றி மனிதருக்கும் இந்நிலை ஏற்பட்டது. இனுவிட் மரபிலே பரம்பரைக் குடும்பப் பெயர் என ஒன்று இருந்ததில்லை. இறந்துபோன உறவினர் ஒருவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு இடுவார்கள். ஆண் பெயர், பெண் பெயர் என்ற வேறுபாடும் கிடையாது. பாட்டியின் பெயரைப் பெற்ற ஆண் குழந்தையைப் பாட்டி என்றே உறவுமுறை கூறி அழைப்பதும் உண்டு. பெயரோடு, இறந்தவரின் பண்புகளும் உறவுகளும் குழந்தையை வந்தடைகின்றன என்பது அவர்களது நம்பிக்கை. ஆகவே பெயர் என்பது அவர்களுக்கு அழைப்பதற்கு மட்டும் உதவும் சொல் அன்று. தலைமுறைகளை இணைக்கும் கயிறு.

அரசாங்க உத்தியோகத்தருக்கோ இப்பெயர்களை உச்சரித்தலும் எழுதுதலும் கடினமாயிருந்தன. எனவே 1941ஆம் ஆண்டு தொடக்கம் இனுவிட் மக்கள் ஒவ்வொருவருக்கும் இலக்கம் பொறித்த சிறு வட்டத் தகடு ஒன்று வழங்கப்பட்டது. கிழக்கில் வாழ்வோருக்கு ஓர் எழுத்தும் மேற்கில் வாழ்வோருக்கு வேறோர் எழுத்தும் முன்னே நிற்க, அதன்பின் எண் வரும். கழுத்திலே கோத்துக்கொள்வதற்கு அதில் துளையும் இருந்தது. கொடுப்பனவு பெறவும், மருத்துவரைக் காணவும், பாடசாலைப் பதிவேட்டில் இடம்பெறவும் அந்த எண் வேண்டியிருந்தது. 1960களின் இறுதியில் ஏப் ஒக்பிக் என்னும் இனுவிட் தலைவர் ஊரூராகச் சென்று, குடும்பங்கள் தமக்கு விருப்பமான குடும்பப் பெயரைத் தெரிந்து பதிவுசெய்ய உதவினார். 1971ஆம் ஆண்டளவில் அவ்வேலை முடிவுற்றது. குடும்பப் பெயர் என்பதும் அவர்களுக்குப் புதிய வழக்கமே. ஆயினும் எண் போய்ப் பெயர் வந்தது.

இதனினும் கொடியதொன்று 1953ஆம் ஆண்டிலே நிகழ்ந்தது. கியூபெக் மாகாணத்தின் வடபகுதியிலுள்ள இனுக்ஜுவாக் என்னும் ஊரிலிருந்து சில குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி, ஏறக்குறைய 2,000 கிலோமீற்றர் வடக்கே, மனிதர் குடியிருக்காத தீவுகளில் அரசாங்கம் இறக்கிவிட்டது. 1955இலும் மேலும் சில குடும்பங்கள் அவ்வாறே கொண்டுசெல்லப்பட்டன. பழைய ஊரில் வேட்டை குறைந்துவிட்டது, புதிய இடத்தில் விலங்குகள் மிகுதி, விரும்பினால் இரண்டு ஆண்டில் திரும்பிவிடலாம் என்று கூறப்பட்டது. திரும்பும் வாக்குறுதி நிறைவேறவில்லை. ஆளற்ற தீவுகளிற் கனடாவின் உரிமையை நிலைநாட்டும் பொருட்டே தாம் கொண்டுவரப்பட்டதாகக் குடியேற்றப்பட்டோர் கருதினர். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் தோன்றாத இருளை அவர்கள் அதுவரை கண்டதில்லை. தாம் இறக்கப்பட்ட இரண்டு இடங்களுள் ஒன்றுக்கு ‘விடியாத இடம்’ என்றும், மற்றதற்கு ‘உருகாத இடம்’ என்றும் அவர்கள் பெயரிட்டனர். அவர்கள் பட்ட துன்பத்தைக் கூற வேறு சான்று வேண்டுமோ? கனடிய அரசாங்கம் இதற்காக 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மன்னிப்புக் கேட்டது.

அக்கப்பலிலே ஐந்தாறு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் ஜோன் அமகோவாலிக். உறவினர் எல்லாரும் ஒரே இடத்தில் இறக்கப்படமாட்டார்கள் என்று தெரிந்தபோது கப்பலில் பெண்கள் அழுததையும் நாய்கள் ஊளையிட்டதையும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ‘நுனாவுட்டின் தந்தை’ என்று இன்று போற்றப்படுபவர் அவரே.

1971ஆம் ஆண்டிலே கனடாவின் இனுவிட் மக்கள் தமக்கென ஒரு தேசிய சங்கத்தை நிறுவினர். 1973ஆம் ஆண்டில் கனடாவின் அதியுயர் நீதிமன்றம், மேற்குக் கரையிலுள்ள நிஸ்கா மக்கள் தொடுத்த வழக்கிலே, ஐரோப்பியர் வருமுன் நிலத்தில் வாழ்ந்த மக்களுக்கு அந்நிலத்தில் உரிமை இருந்தது என்பதைச் சட்டம் ஏற்கும் என்று கருத்துரைத்தது. அவ்வுரிமையை இனுவிட் மக்கள் எவ்வாறு நிரூபிப்பது? அவர்களிடம் காணி உறுதி இல்லை, வேலி இல்லை, எழுதிய ஏடும் இல்லை.

அதற்கு அவர்கள் கண்ட வழி வியக்கத்தக்கது. ஏறக்குறைய 1,600 வேட்டைக்காரர்களை ஆராய்ச்சியாளர் நேரிற் கண்டனர். ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் எங்கெங்கே மான் வேட்டையாடினார், எந்தப் பனிக்கடலிற் கடல்நாய் பிடித்தார், எவ்விடத்திற் பொறி வைத்தார், எங்கே கூடாரம் அடித்தார் என்பதைத் தேசப்படத்திலே கோடிட்டுக் காட்டினார். அப்படங்களை ஒன்றன்மேலொன்றாக வைத்து நோக்கியபோது, வெற்று நிலம் என்று எண்ணப்பட்ட பெரும்பரப்பு முழுவதும் மனிதரின் பாதைகளால் நிறைந்திருக்கக் கண்டனர். 1976ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சி மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. நினைவே உறுதியாயிற்று. அதே ஆண்டில், வடமேற்கு ஆட்புலத்தைப் பிரித்து நுனாவுட் என்னும் புதிய ஆட்புலத்தை அமைக்கவேண்டும் என்ற கோரிக்கையையும் இனுவிட் சங்கம் அரசாங்கத்தின் முன் வைத்தது.

அன்றிலிருந்து பதினேழு ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடைபெற்றது. துப்பாக்கி தூக்கப்படவில்லை, வாக்குச்சீட்டே கருவியாயிற்று. 1982இல் நடைபெற்ற வாக்கெடுப்பில் வடமேற்கு ஆட்புலத்து மக்களுள் வாக்களித்தோரில் நூற்றுக்கு 56 பேர் பிரிவினையை ஆதரித்தனர். 1992ஆம் ஆண்டு மே மாதத்தில் எல்லைக்கோடு பற்றி இரண்டாவது வாக்கெடுப்பு. அதே ஆண்டு நவெம்பரில் இனுவிட் மக்கள் மட்டும் பங்குகொண்ட வாக்கெடுப்பிலே, வாக்களிக்கத் தகுதிபெற்றோருள் நூற்றுக்கு 69 பேர் நில உடன்படிக்கையை ஏற்றனர். 1993ஆம் ஆண்டு மே 25ஆந் திகதி, பிரதம மந்திரி பிரையன் மல்றோனி இக்கலுவிட்டுக்கு வந்து கைச்சாத்திட்டார். யூன் மாதத்திற் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றிற்று. ஒன்று உடன்படிக்கையை உறுதிசெய்வது, மற்றது நுனாவுட் ஆட்புலத்தை அமைப்பது. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாளே 1993 யூலை 9.

இவ்வுடன்படிக்கையின் உள்ளடக்கம் யாது? ஏறக்குறைய 350,000 சதுர கிலோமீற்றர் நிலம் இனுவிட் மக்களின் கூட்டுடைமையாயிற்று. அதில் ஏறக்குறைய பத்திலொரு பங்கில் நிலத்தடிக் கனிப்பொருளும் அவர்களுடையது. பதினான்கு ஆண்டுக் காலத்தில் 114 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை அவர்களுக்கு வழங்கப்பட வேண்டும். வேட்டையாடும் உரிமை உறுதிசெய்யப்பட்டது. விலங்குகளின் பாதுகாப்பு, நிலப் பயன்பாடு என்பவற்றைத் தீர்மானிக்கும் சபைகளில் இனுவிட் பிரதிநிதிகளும் அரசாங்கத்தின் நியமனத்தவரும் சேர்ந்தமர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனி ஆட்புலம் அமைக்கப்படும் என்ற வாக்குறுதி.

இத்துணையும் விலையின்றிக் கிடைக்கவில்லை. தம் முன்னோர் வழி வந்த நிலவுரிமையை, உடன்படிக்கையிற் கூறப்பட்டவை நீங்கலாக, இனுவிட் மக்கள் கனடிய முடிக்கு விட்டுக்கொடுத்தனர். உலகில் நிலப்பரப்பால் மிகப் பெரிய உடன்படிக்கைகளுள் ஒன்று இது என்று புகழ்வோர், அதிலே அவர்கள் துறந்தது யாது என்பதையும் உடன்கூறுதல் நியாயமாகும். ஆயிரமாயிரம் ஆண்டு உரிமையை எழுத்திலுள்ள வாக்குறுதிக்காகக் கொடுத்தபின், அவ்வாக்குறுதி காப்பாற்றப்படுகின்றதா என்று ஆண்டுதோறும் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டன்றோ? முதலில் எழுந்த வினாவுக்கு விடை இங்கேதான் கிடைக்கின்றது. ஏப்பிரல் முதலாந் திகதி அரசாங்கம் ஒன்று தன் கடமையைத் தொடங்கிய நாள். யூலை 9 இரு மக்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு உயிர்பெற்ற நாள். ஆகவே அது மகிழும் நாளாக மட்டுமன்றி, கணக்குப் பார்க்கும் நாளாகவும் அமைகின்றது.

கணக்கிலே வரவு கணிசமானது. நுனாவுட்டின் சட்டசபையிற் கட்சிகள் இல்லை. இப்போது இருபத்திரண்டு உறுப்பினர் உளர். அவர்களே கூடித் தம்முள் ஒருவரை முதல்வராகத் தெரிவுசெய்வர். கலந்துபேசி ஒருமனப்படுதல் என்னும் பழைய இனுவிட் முறை இதற்குப் பொருந்தி வருகின்றது. ஒற்றைக் கொம்புத் திமிங்கிலமாகிய நார்வாலின் தந்தமே அச்சபையின் செங்கோல். முதன்முதலாக முதல்வர் பதவியேற்ற போல் ஒகாலிக் ஒரு சட்டத்தரணி. 2008ஆம் ஆண்டில் இனுவிட் மொழியைப் பாதுகாக்கும் தனிச் சட்டம் ஒன்றும் நிறைவேறியது. 2024ஆம் ஆண்டு சனவரி 18ஆந் திகதி கையெழுத்தான மற்றோர் ஒப்பந்தத்தின்படி, அதுவரை ஒட்டாவா அரசாங்கத்தின் வசமிருந்த பொது நிலங்களையும் கனிவளங்களையும் நிருவகிக்கும் அதிகாரம் நுனாவுட்டைச் சேரவேண்டும். 2027 ஏப்பிரல் முதலாந் திகதி அதற்குக் குறிக்கப்பட்ட நாள்.

நிலுவையும் சிறிதன்று. அரசாங்க வேலைகளில் இனுவிட் மக்கள் தம் சனத்தொகைக்கு ஏற்ற பங்கினைப் பெறவேண்டும் என்பது உடன்படிக்கையின் 23ஆவது பிரிவு. நூற்றுக்கு எண்பத்தைந்து என்பது குறி. ஆட்புல அரசின் ஊழியருள் அவர்கள் ஏறக்குறைய அரைப்பங்கினரே. உயர் பதவிகளில் அதனினும் குறைவு. வாக்குறுதிகள் பல நிறைவேறவில்லை என்று இனுவிட் மக்களின் ‘துங்காவிக்’ நிறுவனம் 2006இல் வழக்குத் தொடுத்தது. 2015இல் கனடிய அரசாங்கம் 25 கோடியே 55 இலட்சம் டொலர் வழங்க இணங்கி அவ்வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அதிற் பெரும்பகுதி தொழிற் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டது. வீட்டுப் பற்றாக்குறையும், விமானத்தில் வரும் உணவின் பெருவிலையும், இளைஞர் பலர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் துயரமும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவை எல்லாவற்றுக்கும் வேர் பாடசாலையில் உள்ளது என்று கூறியவர் தோமஸ் பேர்கர். நீதிபதியாக இருந்தவர், 1973ஆம் ஆண்டு வழக்கிலே நிஸ்கா மக்களுக்காக வாதாடியவரும் அவரே. 2006ஆம் ஆண்டில் அவர் சமர்ப்பித்த அறிக்கை, நுனாவுட்டின் பிள்ளைகளுள் நான்கில் மூன்று பங்கினர் உயர்நிலைக் கல்வியை முடிக்காமலே வெளியேறுகின்றனர் என்று காட்டிற்று. பிள்ளை வீட்டில் இனுக்டிடுட் மொழி பேசுகின்றது. முதற் சில வகுப்புக்களில் அம்மொழியிலே கற்கின்றது. நான்காம் வகுப்பளவில் கல்வி முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறுகின்றது. தாய்மொழி உரம்பெறுமுன் அது நிறுத்தப்படுவதால், பிள்ளைக்கு இரண்டு மொழியிலும் முழுத் தேர்ச்சி வாய்க்கவில்லை. படிப்பில்லாதவிடத்து உத்தியோகம் எங்ஙனம் வரும்? இருமொழிக் கல்வி முறையை இறுதி வகுப்பு வரை ஏற்படுத்த வேண்டும் என்பதே பேர்கரின் முடிவு. 2008ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இதனை 2019ஆம் ஆண்டளவில் நிறைவேற்றுவதாகக் கூறிற்று. ஆசிரியர் போதவில்லை, நூல்கள் போதவில்லை. 2020இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தவணை 2039 வரை நீண்டது. இம்முறை ‘துங்காவிக்’ நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது நுனாவுட்டின் சொந்த அரசாங்கத்தின்மீதே. ஆட்சி தம்மவர் கைக்கு வந்துவிட்டால் மொழி தானே வளரும் என்று எண்ணுவோர்க்கு இது ஒரு படிப்பினை.

நுனாவுட் தினத்திற் சில ஊர்களில் விழா தொடங்கும்போது முதிய பெண்மணி ஒருவர் ‘குல்லிக்’ என்னும் விளக்கினை ஏற்றுவார். மாக்கல்லிற் குடைந்த, பிறைமதி வடிவான அகல் அது. கடல்நாயின் கொழுப்பு எண்ணெயாகும். பாசியும் துருவப் பஞ்சும் சேர்த்துத் திரித்தது திரியாகும். முற்காலத்திலே பனிக்குடிலுக்கு வெளிச்சமும் வெப்பமும் தந்தது இவ்விளக்கே. உணவு சமைத்ததும், நனைந்த உடையை உலர்த்தியதும், குடிக்கப் பனியை உருக்கியதும் இதன் மேலேதான். இதனை ஏற்றி வைத்துவிட்டு அப்பாற் போய்விட முடியாது. அருகிலிருந்து சிறு கோல்கொண்டு திரியை இடைவிடாது சீர்செய்துகொண்டே இருத்தல் வேண்டும். தவறினால் சுடர் புகைந்து அணையும்.

எண்ணாற் குறிக்கப்பட்ட மக்கள் தம் பெயரை மீட்டனர். பிறர் பெயரைச் சுமந்த ஊருக்குத் தம் பெயரை இட்டனர். வெற்று நிலம் என்று பிறர் கருதிய பரப்பை ‘எங்கள் நிலம்’ என்று தேசப்படத்தில் எழுதுவித்தனர். அச்சொற்களின் பொருளை அங்குள்ள குழந்தைகள் தம் சொந்த மொழியிலேயே கற்றறியும் நாள் வரும்வரை, யூலை 9இல் ஏற்றும் அந்த விளக்கின் அருகே யாரேனும் ஒருவர் கோலுடன் அமர்ந்திருக்கவே வேண்டும்.